சபையைப் பாட வைத்தல்: ஆராதனைப் பாடல்களை நடத்தப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆராதனையில் பாடல் நடத்தும் பொறுப்பு ஒருவரிடம் ஒப்படைக்கப்படும்போது, அவருக்கு நல்ல குரல் இருக்கிறது என்பதே பெரும்பாலும் காரணமாகச் சொல்லப்படுகிறது. நல்ல குரல் உதவிதான். ஆனால் சபைக்கு முன்னால் நின்று பாடுவதும் சபையைப் பாட வைப்பதும் வெவ்வேறு வேலைகள். முன்னதில் ஒலிக்க வேண்டியது உங்கள் குரல்; பின்னதில் ஒலிக்க வேண்டியது வந்து அமர்ந்திருக்கும் அத்தனை பேரின் குரல். பாடல் தேர்வு, சுருதி, வேகம், ஒலிபெருக்கியின் அளவு, பாடல்களுக்கு இடையே பேசும் சொற்கள் என்று நீங்கள் எடுக்கவிருக்கும் ஒவ்வொரு முடிவையும் "இதனால் மக்கள் பாடுவார்களா?" என்ற ஒரே கேள்வியால் உரசிப் பார்க்கலாம். வார நாட்களின் ஆயத்தம் முதல் ஆராதனை முடிந்தபின் எழுதிவைக்க வேண்டிய குறிப்பு வரை, அந்தக் கேள்வியின் துணையோடு இங்கே வரிசையாகப் பார்ப்போம்.

ஆயத்தம் செய்வதும் பயிற்சி எடுப்பதும் பக்திக்குக் குறைவு என்று சிலர் எண்ணுவதுண்டு. வேதாகமம் அப்படிக் காட்டவில்லை. லேவியரில் கெனானியா என்பவர் பாடலில் தேர்ந்தவர் என்பதால் அதைக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பில் இருந்தார் என்று 1 நாளாகமம் 15:22 சொல்கிறது. கர்த்தரைப் பாடும் பாட்டுகளில் பயிற்சி பெற்றவர்களின் தொகை 288 என்று அதே நூலின் 25ஆம் அதிகாரம் எண்ணிக்கையோடு பதிவு செய்கிறது. சங்கீதங்களில் 55 சங்கீதங்களின் தலைப்பில் இராகத்தலைவன், அதாவது பாடலை நடத்துகிறவர், குறிப்பிடப்படுகிறார். அதேவேளையில், சங்கீதங்களினாலும் கீர்த்தனைகளினாலும் ஞானப்பாட்டுகளினாலும் பாடும்படி கொலோசெயர் 3:16இல் பவுல் எழுதியது பாடகர் குழுவுக்கு அல்ல, முழுச் சபைக்கும்தான். தேர்ந்தவர்கள் முன்னே நிற்க வேண்டும், ஆனால் பாட்டு எல்லோருடையதாக இருக்க வேண்டும் என்ற இந்த இரண்டையும் ஒருங்கே பிடித்துக்கொள்வதே இந்த ஊழியத்தின் நுட்பம். மக்களின் சொந்த மொழியில் சபைப் பாடல்கள் அச்சாக வேண்டும் என்று 1524ஆம் ஆண்டிலேயே மார்ட்டின் லூத்தர் முனைந்ததும், வழிபாட்டில் மக்கள் முழுமையாகப் பங்கேற்க வேண்டும் என்று 1963இல் கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வலியுறுத்தியதும் அந்த அக்கறையினால்தான்.

போதகரிடமிருந்து தொடங்குங்கள்

பாடல் பட்டியல் எழுத உட்காருவதற்கு முன்பாக, அந்த வார ஆராதனையின் பொருளைத் தெரிந்துகொள்ளுங்கள். பிரசங்கத்திற்குரிய வேதபகுதி எது, திருவிருந்து உண்டா, ஞானஸ்நானமோ பிள்ளைப் பிரதிஷ்டையோ நடக்கவிருக்கிறதா, திருச்சபை நாட்காட்டியில் அது எந்தக் காலம் என்ற நான்கு விவரங்கள் போதும். இவற்றை வாரத்தின் தொடக்கத்திலேயே கேட்டுவிட்டால், பிற்பாடு கடைசி நேரத்தில் பாடலை மாற்றும் அவதி இராது. ஒழுங்குமுறை வகுக்கப்பட்ட சபைகளில் பாடலுக்கான இடங்களும் வகுக்கப்பட்டிருக்கும்; திருப்பலியில் வருகைப் பாடல், பதிலுரைப் பாடல், காணிக்கைப் பாடல், திருவிருந்துப் பாடல் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நோக்கம் உண்டு. அத்தகைய சபைகளில் உங்களுக்குப் பிடித்த பாடலை ஏதோ ஓரிடத்தில் செருகுவதைவிட, அந்த இடம் என்ன கேட்கிறது என்று பார்ப்பதே முறை.

பாடல்களைத் தேர்ந்தெடுத்தல்

தொடர்ச்சியாகப் பாடும் ஆராதனை நேரம் இருபது, இருபத்தைந்து நிமிடம் என்றால் நான்கு பாடல்கள் போதும். ஆறு, ஏழு பாடல்களை அடுக்கினால் எந்தப் பாடலும் முழுதாகப் பாடப்படாமல் போகும். மக்கள் ஒரு பாடலின் சரணத்துக்குள் மனதைச் செலுத்தத் தொடங்கும்போதே அடுத்த பாடல் வந்து நிற்கும்.

ஒவ்வொரு பாடலையும் இசையில்லாமல் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். வாசிக்கும்போது சில கேள்விகளைக் கேளுங்கள். இந்த வரிகளில் பேசுகிறவர் யார்? யாரிடம் பேசுகிறார்? தேவனைப் பற்றி இது சொல்வது வேதத்துக்கு ஒத்திருக்கிறதா? "நான்", "எனக்கு" என்று மட்டுமே பேசும் பாடல்கள் நான்கும் வந்துவிட்டால், சபையாகக் கூடிவந்திருக்கிறோம் என்ற உணர்வு பாட்டில் இல்லாமலே போய்விடும். "நாம்" என்று பேசும் ஒரு பாடலாவது பட்டியலில் இருக்கட்டும். பிறமொழிப் பாடலின் மெட்டுக்குத் தமிழ்ச் சொற்களை இட்டிருந்தால், நீண்ட சுரத்தின் மேல் குறில் விழுகிறதா என்று கவனியுங்கள். நெடிலாக இழுக்கப்படும் குறில் பல இடங்களில் பொருளையே மாற்றிவிடும். பாடுகிறவர்களின் நாவும் அந்த இடத்தில் தடுமாறும்.

புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடும் ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். சங்கீத புத்தகத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பலும் முறையீடும் ஆகும். நம்முடைய பாடல் பட்டியல்களிலோ வெற்றியும் மகிழ்ச்சியும் தவிர வேறெதுவும் இல்லாத வாரங்களே அதிகம். வெள்ளிக்கிழமை தாயை அடக்கம் செய்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் வரிசையில் வந்து உட்கார்ந்திருப்பவரை நினைத்துப் பாருங்கள். நான்கு பாடலும் கைதட்டிப் பாடும் துள்ளல் பாடலாக இருந்தால், அவருக்கு அந்த ஆராதனையில் வாய் திறக்க இடமே இல்லை. "எதுவரைக்கும் கர்த்தாவே" என்று 13ஆம் சங்கீதக்காரர் கேட்பதைப்போல, காத்திருத்தலையும் கண்ணீரையும் தேவனிடம் கொண்டுபோகும் ஒரு பாடலாவது அவ்வப்போது பட்டியலில் இருக்க வேண்டும். துக்கத்தில் இல்லாதவர்களும் அதைப் பாடலாம். அழுகிறவர்களோடு அழுவதற்கு அவர்களுக்கு அது ஒரு வழி.

புதிய பாடலை மாதத்திற்கு ஒன்றுக்கு மேல் அறிமுகப்படுத்த வேண்டாம். அறிமுகப்படுத்தும் வாரத்தில் குழுவினர் பல்லவியை ஒருமுறை பாடிக் காட்டட்டும், இரண்டாம் முறை சபை சேர்ந்துகொள்ளட்டும், அதன் பிறகு சரணத்துக்குப் போகலாம். அடுத்த இரண்டு, மூன்று வாரங்களும் அதே பாடலைப் பாடினால்தான் அது சபையின் பாடலாகும். புதிய பாடலுக்கு முன்னும் பின்னும் எல்லோருக்கும் நன்கு தெரிந்த பாடல்களை வையுங்கள்.

சுருதியே பாதி வேலை

சபை பாடாமல் நிற்பதற்கு ஆவிக்குரிய காரணங்களைத் தேடுவதற்கு முன்பாகச் சுருதியைப் பாருங்கள். பல நேரங்களில் பாடல் எட்டாத உயரத்தில் இருப்பதுதான் காரணம். ஒலிப்பதிவுகளில் பாடுகிறவர்கள் தேர்ந்த பாடகர்கள். அவர்களுடைய குரல் மேலே பளிச்சென்று ஒலிக்கும் சுருதியில்தான் அந்தப் பதிவு செய்யப்பட்டிருக்கும். அதை அப்படியே எடுத்துச் சபையில் பாடினால் ஆண்கள் பாதியில் நிறுத்திவிடுவார்கள், அல்லது ஒரு ஸ்தாயி (ஏழு சுரங்களின் ஒரு சுற்று) கீழே இறங்கி முணுமுணுப்பார்கள்.

இசைப் பயிற்சி இல்லாத பெரும்பாலான பெண்கள் சிரமமின்றிப் பாடக்கூடிய எல்லை, கீபோர்டில் நடு சி-க்குச் சற்றுக் கீழேயுள்ள ஏ சுரத்திலிருந்து, அடுத்த சி-யைத் தாண்டியுள்ள டி சுரம் வரை என்று வைத்துக்கொள்ளலாம். ஆண்களுக்கு இதே எல்லை ஒரு ஸ்தாயி கீழே அமையும். எப்போதாவது ஒரு நொடி ஈ சுரத்தைத் தொட்டு இறங்கினால் குற்றமில்லை. ஆனால் நான்கு வரிகள் அங்கேயே நின்று பாட வேண்டியிருந்தால் தொண்டை களைத்துவிடும்.

ஒரு பாடலுக்குச் சுருதி கண்டுபிடிக்கும் முறையைப் படிப்படியாகப் பார்ப்போம். கீபோர்டின் முன் உட்கார்ந்து பாடலின் மெட்டை முழுவதும் வாசியுங்கள். அதில் வரும் மிகத் தாழ்ந்த சுரத்தையும் மிக உயர்ந்த சுரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஓர் ஆண் பாடகர் ஜி மேஜரில் பதிவு செய்த பாடலில் மிகத் தாழ்ந்த சுரம் டி, மிக உயர்ந்த சுரம் அதற்கடுத்த ஸ்தாயியிலுள்ள ஜி என்று வைத்துக்கொள்வோம். சபையின் மேல் எல்லை டி. ஆகவே ஜி-யை டி-க்கு இறக்க வேண்டும். அது ஐந்து அரைச்சுரங்கள் (கீபோர்டில் வெள்ளையும் கறுப்புமாக அடுத்தடுத்துள்ள இரு கட்டைகளின் இடைவெளி ஓர் அரைச்சுரம்). பாடல் முழுவதையும் ஐந்து அரைச்சுரங்கள் இறக்கினால் ஜி மேஜர் டி மேஜராகும். மிகத் தாழ்ந்த டி சுரம் ஏ-க்கு வரும். ஏ முதல் டி வரை என்பது நாம் முன்பு சொன்ன எல்லைக்குள் சரியாக அடங்குகிறது. கீழே ஆழம் போதாமல் ஒலிக்கிறது என்று தோன்றினால் ஈ-ஃப்ளாட்டில் வைத்துப் பாடிப் பார்க்கலாம். கிட்டார் வாசிப்பவர் அப்போது முதல் கட்டத்தில் கேப்போவை (கிட்டாரின் கழுத்தில் தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) மாட்டி டி மேஜருக்குரிய கார்டுகளையே பிடிக்கலாம். கேப்போ சுருதியை உயர்த்துமே தவிர இறக்காது என்பதை நினைவில் வையுங்கள்.

இப்படி இறக்கியபின், நடத்துகிறவருக்கு அந்தச் சுருதி வசதியாக இல்லாமல் போகலாம், குறிப்பாக உயர்ந்த குரலுள்ள ஆண்களுக்கு. அப்போது சபைக்கு வசதியான சுருதியே நிற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உங்கள் குரல் அதில் எடுப்பாக ஒலிக்காவிட்டாலும் பரவாயில்லை.

காலை ஆராதனைக்கு இன்னொரு குறிப்பும் உண்டு. எழுந்து சில மணி நேரமே ஆன குரல்கள் இறுகித் தாழ்ந்திருக்கும். முதல் பாடலைச் சற்றுக் குறைந்த சுருதியில் தொடங்கி, உயரம் கூடிய பாடலை மூன்றாவதாக வைத்தால் மக்கள் தாங்களாகவே ஏறி வருவார்கள்.

ஒரு பாடலிலிருந்து மற்றொரு பாடலுக்குப் போகும்போது சுருதி மாறினால், அந்த இடைவெளியை முன்கூட்டியே தீர்மானியுங்கள். டி மேஜரிலிருந்து ஜி மேஜருக்குப் போவது எளிது, ஏனெனில் டி கார்டே ஜி-க்கு இயல்பான வாசல். ஜி-யிலிருந்து ஏ மேஜருக்குப் போக வேண்டுமானால் இடையில் ஈ கார்டை இரண்டு தாளச் சுற்று வாசித்தால் காது புதிய சுருதிக்குத் தயாராகிவிடும்.

வேகமும் எடுப்பும்

பாடலின் வேகத்தை, நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்று காட்டும் மெட்ரோனோம் செயலியில் பார்த்து எண்ணாகவே குறித்துவையுங்கள். மேடையில் நிற்கும்போது இதயத் துடிப்பு கூடும். 76 என்று பயிற்சி செய்த பாடல் தன்னையறியாமல் 86க்கு ஓடிவிடும். வேகம் சரியா என்பதை மூச்சைக்கொண்டு சோதிக்கலாம். பாடலின் மிக நீண்ட வரியை ஒரே மூச்சில், சாதாரணமாகப் பாடிப் பாருங்கள். மூச்சு போதவில்லை என்றால் வேகம் குறைவு, அல்லது அந்த வரியின் நடுவே மூச்சு வாங்க ஓரிடம் தேவை. வயதானவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் உங்களைவிட மூச்சு குறைவு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எதிரொலி மிகுந்த உயரமான கூரையுள்ள ஆலயத்தில் வேகமான பாடல்களின் சொற்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும்; அங்கே வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும்.

பெரிய ஆலயங்களில் வேகம் தொய்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் பயணம் செய்கிறது. உங்களிடமிருந்து 34 மீட்டர் தள்ளி நிற்கிறவருக்கு உங்கள் குரல் நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதமாகப் போய்ச் சேரும். அவர் தட்டும் கை உங்களிடம் திரும்பி வர மேலும் அவ்வளவு நேரமாகும். நிமிடத்துக்கு 120 தட்டு என்ற வேகத்தில் ஒரு தட்டின் நீளம் அரை நொடி. ஆக, பின்வரிசையிலிருந்து வரும் கைதட்டல் உங்கள் காதில் விழும்போது ஏறத்தாழ அரைத் தட்டு பின்தங்கியிருக்கும். அதைக் கேட்டு அதனோடு சேர முயன்றால் பாடல் இழுபட்டுக்கொண்டே போகும். நடத்துகிறவரும் வாத்தியக்காரர்களும் டிரம்ஸையோ தபேலாவையோ பிடித்துக்கொள்ள வேண்டும். சபையின் கைதட்டலைப் பிடிக்கக் கூடாது.

எடுப்பு எங்கே என்பதையும் கவனியுங்கள். தாளத்தின் முதல் தட்டிலேயே தொடங்கும் பாடல்களைச் சபை எளிதாகப் பிடித்துக்கொள்ளும். தட்டு விழுந்தபின் அரை இடம் தள்ளித் தொடங்கும் பாடல்களில், முன்னிசை எவ்வளவு அழகாக இருந்தாலும், எங்கே சேர்வது என்று தெரியாமல் மக்கள் முதல் சொல்லை விட்டுவிடுவார்கள். அத்தகைய பாடல்களுக்கு முன்னிசையை எப்போதும் ஒரே நீளத்தில் வைத்து, எடுப்புக்குச் சற்று முன்பாகக் கையை உயர்த்தி, எல்லோரும் காணும்படி மூச்சு வாங்குங்கள். நடத்துகிறவரின் மூச்சைக் கண்டதும் சபையும் மூச்சு வாங்கும். அந்த ஒரு நொடியில்தான் பலநூறு பேர் ஒன்றாகத் தொடங்குகிறார்கள்.

கீர்த்தனைகளைப் பாடும்போது

வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் இயற்றிய கீர்த்தனைகள் தமிழ்ச் சபைகளின் பெருஞ்செல்வம். கையில் புத்தகம் இல்லாதவர்களும் பல்லவியைப் பற்றிக்கொண்டு பாடக்கூடிய அமைப்பு அவற்றுக்கு உண்டு. இவற்றை நடத்தும்போது இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். சரணத்தின் கடைசி அடி பல்லவியின் தொடக்கத்தோடு மெட்டிலும் பொருளிலும் இணையும்படி எழுதப்பட்டிருக்கும். ஆகவே ஒவ்வொரு சரணத்துக்குப் பின்னும் பல்லவிக்குத் திரும்புங்கள், நேரம் போதாது என்றால் சரணத்தைக் குறையுங்கள், பல்லவியை வெட்டாதீர்கள். அடுத்து, கர்நாடக ராகங்களில் அமைந்த மெட்டுக்கு மேஜர், மைனர் கார்டுகளை வலிந்து பொருத்தினால் ராகத்தின் சாயல் குலைந்துபோகும். கீபோர்டு வாசிப்பவர் ஆதார ஸட்ஜத்தையும் (ஸ) பஞ்சமத்தையும் (ப) மட்டும் பிடித்து நிறுத்தி, மெட்டை வலக்கையால் உடன் வாசித்தால் போதுமானது. மூத்தவர்கள் பலருக்கு இந்தப் பாடல்கள் மனப்பாடம். மெட்டில் ஐயம் எழுந்தால் ஒலிப்பதிவைத் தேடுவதற்கு முன்பாக அவர்களிடம் கேட்பது நல்லது.

குழுவோடு பயிற்சி

ஒவ்வொருவரும் தன் வீட்டில் கற்றுக்கொண்டு வருவது வேறு, கூடிப் பயிற்சி செய்வது வேறு. பாடல் பட்டியலையும் சுருதியையும் வேகத்தையும் மூன்று நாட்களுக்கு முன்பாகவே அனுப்பிவிடுங்கள். கூடும் நேரம் பாடலைக் கற்பதற்கு அல்ல, சேர்ந்து பாடுவதற்கு. பயிற்சியை வாத்தியம் இல்லாமல் தொடங்கச் சொல்வேன். பாடுகிறவர்கள் மட்டும் வட்டமாக நின்று ஒருமுறை பாடினால் யார் எந்தச் சொல்லைத் தவறாகச் சொல்கிறார்கள், யாருடைய மெட்டு விலகுகிறது என்பது உடனே தெரிந்துவிடும்.

அதிக நேரம் செலவிட வேண்டியது தொடக்கத்துக்கும் முடிவுக்கும் மாற்றங்களுக்கும்தான். பாடலின் நடுப்பகுதி பெரும்பாலும் தானாகவே நடந்துவிடும். பல்லவிக்குத் திரும்ப ஒரு விரல், மெதுவாக்கக் கீழ்நோக்கிய உள்ளங்கை, முடிக்க மூடிய கை என்று சில சைகைகளை ஏற்படுத்திக்கொண்டு, அவற்றைப் பயிற்சியிலேயே பயன்படுத்துங்கள். பக்கக் குரல் பாடுகிறவர்கள் பல்லவியும் முதல் சரணமும் முடியும் வரை மூல மெட்டையே பாடட்டும். சபை மெட்டைப் பற்றிக்கொண்ட பிறகு இணைகுரல் சேர்ந்தால் அது அழகு, அதற்கு முன்பே சேர்ந்தால் குழப்பம். பயிற்சியை ஜெபத்தோடு தொடங்குங்கள். குழுவில் ஒருவர் மனவருத்தத்தில் இருக்கிறார் என்று தெரிந்தால், பாடலுக்கு முன் அவரோடு பேசுங்கள்.

குரலுக்கு அடிப்படையான பராமரிப்பு தேவை. தொடங்குமுன் பத்து நிமிடம் வாயை மூடி முனகுதல், உதடுகளை அதிரவிட்டுச் சுரங்களில் ஏறி இறங்குதல் போன்ற எளிய பயிற்சிகள் போதும். முந்தைய நாள் முழுவதும் தண்ணீர் குடிப்பது, மேடை ஏறும் முன் ஒரு குவளை குடிப்பதைவிடப் பயன் தரும்.

திரையும் ஒலியும்

பாடல் வரிகளைத் திரையில் காட்டுகிறவரும் உங்கள் குழுவில் ஒருவர்; அவரும் பயிற்சிக்கு வரட்டும். ஒரு பக்கத்தில் நான்கு வரிகளுக்கு மேல் வேண்டாம். தமிழ்ச் சொற்கள் நீண்டவை என்பதால் எழுத்தைச் சுருக்கிவிடும் ஆசை வரும். அதற்குப் பதிலாகப் பக்கங்களைக் கூட்டுங்கள். சொல்லின் நடுவே வரியை உடைக்காதீர்கள். வரியை இருமுறை பாட வேண்டுமானால் அதன் இறுதியில் 2 என்று குறிப்பது நம் பாடல் புத்தகங்களில் உள்ள வழக்கம்தான், அதைத் திரையிலும் தவறாமல் பின்பற்றுங்கள். கடைசி வரியின் இறுதி இரண்டு சொற்கள் பாடப்படும்போதே அடுத்த பக்கம் வந்துவிட வேண்டும். வரி முடிந்தபின் மாற்றினால் சபை ஒவ்வொரு முறையும் ஒரு சொல் பிந்தித் தொடங்கும். உரிமையுள்ள பாடல்களின் வரிகளைத் திரையிடவும் இணையத்தில் ஒளிபரப்பவும் அனுமதி தேவைப்படலாம் என்பதால் அதைச் சபை நிர்வாகத்திடம் கேட்டு உறுதி செய்யுங்கள்.

ஒலியைப் பொறுத்தவரை எளிய சோதனை ஒன்று உண்டு. பயிற்சியின்போது குழுவினரைப் பாடச் சொல்லிவிட்டு நடுவரிசையில் போய் உட்காருங்கள். பக்கத்தில் ஒருவரை அமர்த்திச் சாதாரணக் குரலில் பாடச் சொல்லுங்கள். அவர் குரல் உங்களுக்குக் கேட்கவில்லை என்றால் ஒலி அதிகம். பக்கத்திலிருப்பவர் பாடுவது கேட்டால்தான் கூச்சமுள்ளவரும் வாய் திறப்பார். தன் குரல் தனக்கே கேட்காத இடத்தில் யாரும் நெடுநேரம் பாடமாட்டார்கள். மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடித்தாலும், மைக்கை ஸ்பீக்கரை நோக்கித் திருப்பினாலும் கீச்சொலி எழும் என்பதைக் குழுவினர் அனைவரும் அறிந்திருக்க வேண்டும்.

ஆராதனை நடக்கும்போது

கண்களைத் திறந்து பாடுங்கள். உணர்வு மிகும்போது கண்களை மூடுவது இயல்பு. ஆனால் நீங்கள் கண்மூடிய நேரத்தில் முன்வரிசையில் பாதிப்பேர் பாடுவதை நிறுத்தியிருக்கலாம், திரையில் தவறான சரணம் நின்றிருக்கலாம், போதகர் சைகை காட்டிக்கொண்டிருக்கலாம். சபையைப் பார்ப்பதும் நடத்துவதின் ஒரு பகுதியே.

பல்லவியையும் ஒவ்வொரு சரணத்தின் முதல் வரியையும் மூல மெட்டில், அலங்காரமின்றிப் பாடுங்கள். பிருகாக்களும் சங்கதிகளும் தனிப்பாடலுக்கு உரியவை. நடத்துகிறவர் மெட்டை வளைக்கும்போது, பின்தொடர்கிறவர்கள் எதைப் பின்தொடர்வது என்று தெரியாமல் நின்றுவிடுவார்கள். அடுத்து எந்தச் சரணம் என்பதை முந்தைய வரி முடியும் தறுவாயில் சொல்லி, முதல் இரண்டு சொற்களை அடியெடுத்துக் கொடுங்கள். சபை நன்றாகப் பாடத் தொடங்கிவிட்டால், மைக்கிலிருந்து சற்று விலகுங்கள். ஒரு பல்லவியையாவது வாத்தியங்களை நிறுத்தி மக்களின் குரலில் மட்டும் பாட விடுங்கள். அப்போது ஆலயத்தில் எழும் ஒலியைக் கேட்டால், உங்கள் தேர்வுகள் சரியாக இருந்தனவா என்பதை வேறு யாரும் சொல்லத் தேவையிராது.

பல்லவியைத் திரும்பத் திரும்பப் பாடுவதில் நிதானம் தேவை. மக்கள் சொற்களைச் சிந்தித்துப் பாடுகிறார்கள் என்றால் இன்னொரு முறை பாடலாம். சோர்வு தெரிந்தால் முடித்துவிட வேண்டும். ஆவியோடும் கருத்தோடும் பாடுவேன் என்று பவுல் 1 கொரிந்தியர் 14:15இல் எழுதினார். கருத்து விலகிய பிறகு எண்ணிக்கையைக் கூட்டுவதில் பயனில்லை.

இடையில் பேசுவது

இரண்டு பாடல்களுக்கு இடையே ஒரு வேதவசனம், அல்லது இரண்டு வாக்கியங்களில் ஒரு ஜெபம் போதும். அதையும் முன்கூட்டியே எழுதி, உரக்க வாசித்துப் பாருங்கள். எழுதாமல் பேசுகிறவர்கள் ஒரே சொற்றொடர்களை வாரந்தோறும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். சபையின் காது அவற்றைக் கேளாமல் பழகிவிடும். பிரசங்கம் செய்வது உங்கள் பொறுப்பு அல்ல.

கை தட்டாதவர்களையும் கைகளை உயர்த்தாதவர்களையும் சுட்டிக்காட்டி ஒருபோதும் பேசாதீர்கள். "ஏன் இவ்வளவு சோர்வாக இருக்கிறீர்கள்?" என்று மைக்கில் கேட்பதால் யாருடைய சோர்வும் நீங்கியதில்லை. நாணத்தினாலோ துக்கத்தினாலோ பழக்கமின்மையினாலோ அமைதியாக நிற்கிறவர் ஆராதிக்கவில்லை என்று தீர்மானிக்க நமக்கு உரிமை இல்லை. எழுந்து நிற்கச் சொல்லும்போதும் "இயன்றவர்கள் எழுந்து நிற்போம்" என்று சொன்னால், முழங்கால் வலியோடு வந்தவர் குற்றவுணர்வின்றி அமர்ந்தே பாடுவார்.

ஏதேனும் தவறிவிட்டால்

தவறான சுருதியில் தொடங்கிவிட்டால், முதல் வரியிலேயே நிறுத்தி, "மீண்டும் ஒருமுறை தொடங்குவோம்" என்று அமைதியாகச் சொல்லித் தொடங்குங்கள். எட்டாத சுருதியில் ஐந்து சரணம் பாடுவதைவிட அது எவ்வளவோ மேல். மன்னிப்பும் விளக்கமும் அதற்குத் தேவையில்லை. மின்சாரம் நின்றுவிட்டால் பாடலை நிறுத்தாதீர்கள். ஒரு அடி முன்னால் வந்து, தாளத்தைக் கையால் காட்டி, எல்லோருக்கும் மனப்பாடமான பல்லவிக்குத் திரும்புங்கள். சரணத்தின் வரி மறந்துவிட்டால் உதட்டை அசைக்காமல் சபையைக் கேளுங்கள், அவர்களில் யாராவது அதைச் சரியாகப் பாடிக்கொண்டிருப்பார்கள்.

ஆராதனை முடிந்த பிறகு

அன்று மாலைக்குள், பாடிய பாடல்கள், ஒவ்வொன்றின் சுருதி, வேகம், பாடிய சரணங்கள், சபை எங்கே தடுமாறியது என்பவற்றை ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதிவையுங்கள். சில மாதங்களில் அந்த நோட்டே உங்கள் சபைக்கு எந்தப் பாடல்கள் தெரியும், எவை எந்தச் சுருதியில் நன்றாக அமைகின்றன, எந்தப் பாடலை அடிக்கடி பாடுகிறோம் என்பதையெல்லாம் சொல்லும். ஐம்பது, அறுபது பாடல்களைச் சபை நன்றாகப் பாடுமானால் ஓராண்டுக்கு அதுவே தாராளம்.

குழுவுக்கு வெளியே இருக்கும் இரண்டு பேரிடம், ஒருவர் மூத்தவராகவும் ஒருவர் இளையவராகவும் இருந்தால் நல்லது, "இன்று உங்களால் பாட முடிந்ததா?" என்று மட்டும் கேளுங்கள். "எப்படி இருந்தது?" என்று கேட்டால் பாராட்டுதான் கிடைக்கும். பாட முடியவில்லை என்று அவர்கள் சொன்னால், எந்தப் பாடலில், எந்த வரியில் என்று கேட்டு, அதையும் அதே தேதியின் கீழ் எழுதிக்கொண்டு, அடுத்த பயிற்சியை அந்த வரியிலிருந்து தொடங்குங்கள்.